முதன்முறையாக மாணவர் இயற்கை முகாம் நடத்துவோருக்கு

பள்ளிப் பிள்ளைகளையோ ஊர் இளைஞர் மன்றத்தினரையோ இரண்டு இரவு வெளியே தங்கவைக்க நினைப்பவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, தாம் நடத்தப்போவது சுற்றுலாவா முகாமா என்பதைத்தான். இரண்டு நாளில் ஆறு இடம் பார்ப்பது சுற்றுலா. அதில் தவறேதும் இல்லை. ஆனால் திரும்பி வரும் பிள்ளைக்குப் பேருந்தில் பாடிய பாட்டும் வழியில் சாப்பிட்ட பரோட்டாவுமே நினைவில் நிற்கும். ஒரே இடத்தில் தங்கி, அந்த இடத்தின் காலையையும் நண்பகலையும் இரவையும் பார்த்து, அங்குள்ள மண்ணையும் நீரையும் மனிதர்களையும் ஓரளவேனும் அறிந்து வருவது முகாம். கீழே சொல்லும் ஏற்பாடுகள் யாவும் இந்த இரண்டாவது வகைக்கே பொருந்தும். எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பது பேர், இரண்டு இரவு, தமிழ்நாட்டுக்குள் ஓர் இடம் என்று கணக்கில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பொறுப்பேற்று நடத்திய முதல் முகாமுக்குப் பதினோரு நிகழ்ச்சிகள் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் பேருந்தின் டயர் வெடித்துவிட்டதால் அருவிக்குப் போக முடியவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத பிள்ளைகள் தங்கும் விடுதிக்குப் பின்னாலிருந்த புளியமரத்தடியில், மண்ணில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழியானைப் பூச்சியின் குழிகளைக் கண்டுபிடித்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு, எறும்பு சரிந்து விழுவதையும், அடியிலிருந்து அந்தப் பூச்சி மணலை வாரி அதன்மேல் எறிவதையும் முக்கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, மழை பெய்தால் இது எங்கே போகும் என்று கேட்டாள். உடன் வந்த ஐந்து ஆசிரியர்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு நாளைக்கு மூன்று நிகழ்ச்சிக்கு மேல் வைப்பதில்லை.

காலமும் இடமும்

காலத்தை முதலில் முடிவுசெய்தால் இடம் தானாகவே குறுகிவரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வால்பாறை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலமென்று வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு இந்த விஷயத்தில் எந்த அலுவலரும் விட்டுக்கொடுக்க மாட்டார், விட்டுக்கொடுக்கவும் கூடாது. மே மாதத்தில் வெயிலும் கூட்டமும். எனவே பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரையிலான மூன்று வாரங்களே பெரும்பாலான இடங்களுக்கு ஏற்றவை. அந்த மூன்று வாரத்திலும் அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இடத்தைப் பொறுத்தவரை, முதல் முகாமை அடர்ந்த காட்டுக்குள் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலுள்ள டாப்சிலிப் அருமையான இடம்தான். மலையுச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்த அந்தப் பெயரை வைத்தே காட்டின் நூறாண்டு வரலாற்றை ஒரு மாலையில் சொல்லிவிடலாம். கோழிகமுத்தியில் யானைகளைப் பராமரிக்கும் மலசர் சமூகத்தவரைப் பார்த்தால், புத்தகம் படித்த நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது விளங்கிவிடும். ஆனால் அங்கே பிள்ளைகள் தம் விருப்பப்படி நடமாட முடியாது. எதற்கும் வனத்துறையினர் துணை வேண்டும். அனுபவமில்லாத ஆசிரியருக்கு அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நாற்பது பேரை நடத்துவது கடினம். தோப்பும் ஏரியும் குன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு கிராமத்துப் பண்ணையோ பள்ளி வளாகமோ போதும். சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்தவர்கள் வேடந்தாங்கலுக்கு அருகிலும், மதுரை, சிவகங்கைப் பக்கத்தவர்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயக் கண்மாய்களுக்கு அருகிலும் தங்கலாம். வேட்டங்குடியையும் கொள்ளுகுடிப்பட்டியையும் ஒட்டிய ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதை அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயால் மாணவர்கள் கேட்பது, பறவைப் பாதுகாப்புக் குறித்து நாம் ஆற்றும் பத்து உரைகளுக்குச் சமம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தவர்களுக்கு ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கே காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருப்பதே அந்த மலையின் இரவு எத்தனை தெளிவானது என்பதற்குச் சான்று.

மலையேற்றம் வேண்டுமென்றே விரும்பும் இளைஞர் குழுக்கள், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் எளிய வகைத் தடமொன்றைப் பதிவுசெய்துகொள்ளலாம். யாரோ தெரிந்தவர் காட்டும் குறுக்குப் பாதையில் ஒருபோதும் ஏறாதீர்கள்.

முன்கூட்டிய பயணம்

தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பொறுப்பாசிரியர் ஒருவராவது முன்கூட்டியே சென்று ஓர் இரவு தங்கிவர வேண்டும். பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது போதாது. ஒருமுறை விடுதிக்காரர் தொலைபேசியில் எல்லா வசதியும் இருக்கிறது என்று சொன்னதை நம்பிப் போனோம். கழிப்பறைகள் புதியவை, சுத்தமானவை. ஆனால் மேல்நிலைத் தொட்டிக்கு மாலையில் மட்டுமே தண்ணீர் ஏறும் என்பது மறுநாள் காலை ஆறு மணிக்கு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே ஓர் இரவு தங்கியிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்கிறதா, இரவில் அதற்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, பெண் பிள்ளைகள் தங்கும் அறைக்கும் அதற்கும் எத்தனை தூரம் என்பதை நடந்தே பாருங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, குட்டை, பாறை விளிம்பு, மலைத்தேனீக் கூடு தொங்கும் மரம் ஆகியவை எங்கெங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை எந்த நிறுவனத்துக்கு, எந்த இடத்தில் நின்றால் கிடைக்கிறது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பிறகு அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு நேரில் போய், இரவில் மருத்துவர் இருப்பாரா, பாம்புக்கடி மருந்து இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது எந்த மருத்துவமனையில் உள்ளதோ அதுவரை வண்டியில் போய் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதென்றால் முதல் முகாமுக்கு வேறு இடம் பார்ப்பது நல்லது.

அனுமதியும் பெற்றோரும்

இதற்கு இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம். வனப்பகுதி என்றால் மாவட்ட வன அலுவலருக்கும், புலிகள் காப்பகம் என்றால் அதன் அலுவலகத்துக்கும் தனியாக ஒரு கடிதம். நாட்கள், மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர் பெயர்கள், வாகன எண், தங்குமிடம், நோக்கம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருந்தால் கடிதம் மேசைக்கு மேசை நகர்வது எளிதாகிறது. பதில் வரும்வரை பெற்றோரிடம் பணம் வாங்காதீர்கள்.

பெற்றோரின் கையெழுத்தை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்வது பெரும் பிழை. ஒரு மாலை அவர்களை அழைத்து, எங்கே தங்குகிறோம், யார் உடன் வருகிறார்கள், பிள்ளையோடு எப்போது பேச முடியும் என்று விளக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் தனியே இரண்டு நிமிடம் பேசுவது அதைவிட முக்கியம். வலிப்பு, இளைப்பு, ஒவ்வாமை ஆகியவற்றைப் படிவத்தில் எழுதிவிடுவார்கள். மகன் இன்னும் படுக்கையை நனைக்கிறான் என்பதை எழுத மாட்டார்கள், காதோடுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்ன தாயிடம், இரவு பதினொரு மணிக்கு நானே அவனை எழுப்பிக் கூட்டிப்போகிறேன் என்று உறுதி கொடுத்துவிட்டால், வரமாட்டேன் என்றிருந்த அந்தப் பையனும் வந்துவிடுவான்.

நாற்பது பேருக்கு ஐந்து பெரியவர்களாவது வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களில் இருவர் பெண்கள்; ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் மற்றவர் இருக்க வேண்டும் என்பதே இருவர் என்று சொல்வதற்குக் காரணம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது என்பதை, நீண்டகாலமாகப் பழகிய சக ஆசிரியரிடமும் விடுதிப் பணியாளரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்கு அத்தகைய குற்றம் நேர்ந்தது தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

கொண்டுவரும் பொருள்களும் சாப்பாடும்

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு போர்வை, மண்நிறத்தில் அல்லது பச்சை நிறத்தில் இரண்டு மாற்றுடை, பழகிய காலணி, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், டார்ச், தொப்பி, தட்டும் தம்ளரும், கோடு போடாத குறிப்பேடு, பென்சில் போதும். புதுக் காலணி வாங்கித்தர வேண்டாமென்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். முகாமில் நாம் மருந்து போடும் காயங்களில் பாதி புதுச் செருப்பு கடித்தவையாகவே இருக்கும். மாதவிடாய் நாள் தள்ளியோ முந்தியோ வரக்கூடுமாகையால் நாப்கின்களும் பழைய செய்தித்தாளும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் ஆசிரியை பொறுப்பில் தயாராக இருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுவதும் தடை இருப்பதால், தின்பண்டங்களைப் பொட்டலமாக வாங்காமல் எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் டப்பாவில் எடுத்துப் போங்கள். கைப்பேசிகளைப் பேருந்தில் ஏறும்போதே பெயர் எழுதிய உறையில் போட்டு வாங்கிவிடுங்கள்.

அரிசிக் கணக்குக்குப் பள்ளிச் சத்துணவு நல்ல அடிப்படை. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஒரு வேளைக்கு ஒரு மாணவருக்கு 150 கிராம் தானியம் என்பது அங்குள்ள அளவு. அதன்படி நாற்பது பேருக்கு ஆறு கிலோ ஆகிறது. பெரியவர்களையும், நடந்து களைத்துவந்த பசியையும் சேர்த்து எட்டு கிலோ போடுங்கள். சமையலுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்தி, அந்த ஊரில் விளைவதைச் சமைக்கச் சொல்லுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பதற்கென்றே ஒரு தனி அண்டா வேண்டும். சமைத்த உணவை வெயில் நேரத்தில் மணிக்கணக்கில் வைத்திருந்து பரிமாறாதீர்கள். முகாம்கள் பாதியில் கலைவதற்குக் காட்டு விலங்குகளைவிடப் பழைய சாம்பாரே அதிகம் காரணமாகிறது.

முதல் நாள்

விடியற்காலையில் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். இரவுப் பயணம் வேண்டாம். மலைப்பாதை என்றால் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். கொல்லிமலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைகளோடு போன பிறகு எனக்கு ஏற்பட்ட ஞானம் இது.

இறங்கியதும் பைகளை வைக்கும் முன்பே எல்லை நடை போக வேண்டும். முன்கூட்டிய பயணத்தில் வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வேலி வரை, இந்தப் பாறை வரை, இந்த மரத்துக்கு அப்பால் கூடாது என்று நாற்பது பேரையும் சுற்றி நடத்திக் காட்டுங்கள். வாயால் சொன்ன எல்லை மறந்துபோகும், காலால் நடந்தது மறக்காது. அதன்பின் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் ஓர் இணையும் கொடுங்கள். விசில் ஊதியதும் ஒன்று முதல் நாற்பதுவரை பிள்ளைகளே வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். தலையை எண்ணும் ஆசிரியர் பிழைவிடுவார். பதினேழுக்குப் பிறகு பதினெட்டு வராமல் நின்றுபோனால் எல்லோர் காதுக்கும் அது உடனே கேட்கும். பேருந்து ஏறும்போது, இறங்கும்போது, நடைக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன் என்று நாளுக்கு எட்டுப் பத்துமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். இரண்டாம் நாளிலிருந்து அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும்.

முதல் இரவு எட்டு மணிக்கு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுத் திறந்தவெளியில் பாயை விரித்துப் படுக்கவையுங்கள். அமாவாசை நாட்களைச் சொன்னது இதற்குத்தான். கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடமாகும். அதற்குள் யாராவது ஒருவர் டார்ச்சை அடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், டார்ச்சுகளின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிவிடுங்கள். ஜனவரி கடைசியில் அந்த நேரத்துக்குத் தலைக்கு மேலே கார்த்திகைக் கூட்டமும், அதற்குக் கிழக்கே ரோகிணியும், அதையும் தாண்டிச் செந்நிறத்தில் திருவாதிரையும் தெரியும். பாட்டி பெயரோடு சேர்த்துக் கேட்டும் நாட்காட்டியில் படித்தும் பழகிய பெயர்களுக்கு வானத்தில் ஓர் இடம் இருப்பதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது, தன் நட்சத்திரம் எங்கே என்றுதான். இருபத்தேழையும் காட்ட முடியாது. அப்போது வானில் இருப்பவற்றைக் காட்டினால் போதும். வீட்டு நினைவு வந்து அழுபவர்கள் பெரும்பாலும் இதற்குப் பிறகு, படுக்கையில்தான் அழுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் காலை என்ன செய்யப்போகிறோம் என்று பேசுங்கள். உடனே வீட்டுக்குத் தொலைபேசி போட்டுக் கொடுத்தால் அழுகை அந்த அறை முழுவதும் பரவும்.

இரண்டாம் நாள்

காலை ஆறரை முதல் எட்டரை வரை பறவைகளுக்கானது. பறவை பார்க்கும் இருகண் நோக்கி (பைனாகுலர்) நான்கு இருந்தால் பத்துப் பேருக்கு ஒன்று என்று சுழற்சியில் கொடுக்கலாம். பெயரைச் சொல்லிக்கொடுப்பதில் அவசரப்படாதீர்கள். அலகு எப்படி இருக்கிறது, கால் என்ன நிறம், என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் வரையட்டும். மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே என்று ஒரு மாணவன் சொன்ன பிறகு நத்தைக்குத்தி நாரை என்ற பெயரைச் சொன்னால், அந்த அலகு எதற்கு அப்படி இருக்கிறதென்று அவனே கண்டுபிடித்துவிடுவான். 2015 முதல் ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தவற்றைப் பட்டியலிடுவதே முறை. அதே பதினைந்து நிமிட முறையை முகாமிலும் பழக்கிவிட்டால் ஊர் திரும்பியும் தொடர்வார்கள்.

முற்பகலில் தனியிடப் பயிற்சி. ஒருவருக்கொருவர் பத்தடித் தூரத்தில், ஆசிரியர் கண்பார்வைக்குள், இருபது நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பும் சைகையுமாகப் போகும், அடுத்த ஐந்து நிமிடம் சலிப்பு. அதற்குப் பிறகே எறும்பு வரிசையும் சருகின் சத்தமும் தெரியத் தொடங்கும் என்பதால் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. அதன் தொடர்ச்சியாக, வெயிலேறியதும் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மீட்டர்ச் சதுரத்தைக் கயிறு கட்டிக் கொடுத்து அதற்குள் உள்ள அனைத்தையும் எண்ணச் சொல்லலாம். பிற்பகலை வெறுமையாக விடுங்கள். மாலையில் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். மேடையும் மைக்கும் வேண்டாம், திண்ணை போதும். தீமூட்டி ஆடுவதை வனப்பகுதியில் நினைக்கவே கூடாது.

தண்ணீர், விலங்கு, மின்னல்

நீரில் இறங்குவது குறித்து என் விதி ஒன்றே ஒன்றுதான்: இறங்கக் கூடாது. கணுக்கால் அளவு ஓடையில் கல்லைப் புரட்டிப் பூச்சி பார்ப்பதைத் தவிர, ஆற்றிலோ அணையிலோ அருவியிலோ குளிப்பதில்லை, படகேறுவதில்லை. கேரளத்தின் தட்டேக்காட்டில் 2007 பிப்ரவரியில் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஏரியொன்றில், பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளோடு படகு கவிழ்ந்தது. பலருக்கு மிதவை உடைகூட அணிவிக்கப்படவில்லை. இரண்டு விபத்துகளுக்கும் நடுவே பதினேழு ஆண்டுகள் போயிருக்கின்றன. மாணவர்கள் கெஞ்சுவார்கள், சக ஆசிரியர் முகம் சுளிப்பார், ஓட்டுநர்கூட இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் குளிக்காமலா என்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் தீங்கு. பிள்ளையை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட காலையோ கையையோ அசையாதபடி மரச்சட்டத்தோடு தளர்வாகக் கட்டி, வீக்கம் ஏறும் முன் கொலுசையும் மோதிரத்தையும் கழற்றி, கடித்த நேரத்தை எழுதிக்கொண்டு, 108ஐ அழைத்தோ சொந்த வண்டியிலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இதற்காகவே முகாம் முடியும்வரை ஒரு வண்டி ஓட்டுநரோடு அங்கேயே நிற்க வேண்டும். பேருந்தை அனுப்பிவிட்டு மூன்றாம் நாள் வரச்சொன்னால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். அந்த மிச்சம் வேண்டாம். அட்டை கடித்தால் பிய்த்தெறியாமல் உப்புத் தூவினால் விழுந்துவிடும், அதற்குப் பதற வேண்டியதில்லை. மலைத்தேனீ கலைந்தால் மட்டும் ஓட வேண்டும், கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ. மின்னல் கண்டதிலிருந்து முப்பது நொடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள்; மரத்தடியில் ஒதுங்காமல் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும்.

திரும்பும் நாள்

மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டிக்குப் பின் ஒரு மணி நேரம், தாங்கள் பார்த்த ஒன்றைப் பற்றி வீட்டிலுள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், அதைத் திருத்தாதீர்கள். பின் குப்பையைப் பிரித்து, மட்காததை மூட்டையாகக் கட்டிப் பேருந்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஊர் சேரும் நேரத்தைப் பெற்றோருக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் யார் அழைத்துப்போனார்கள் என்று கையெழுத்து வாங்கி, கடைசிப் பிள்ளை போகும்வரை இரண்டு ஆசிரியர்கள் பள்ளி வாசலில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் வீட்டிலிருந்து ஆள் வர ஒன்றரை மணி நேரமாகும். அவனுக்காகக் கொஞ்சம் கடலைமிட்டாயை டப்பாவில் மிச்சம் வைத்திருங்கள்.